வெள்ளை வலையும் பழுப்பு வலையும்

ஷரோபத் எண்பத்து நாலு கொசுவலைகளை ஊருக்குக் கொடுத்திருந்தாள். மூன்று வாரம் கழித்துத் தெருத் தெருவாக நடந்து எண்ணினாள். தொங்கியவை பத்தொன்பது. அதில் ஒன்றின் அடியில் ஆப்ரிகாட் பழம் காய்ந்துகொண்டிருந்தது.

"ஈ ஒண்ணு கூட மொய்க்கலக்கா" என்றாள் அந்த வீட்டுக்காரி. "ரொம்ப நல்ல வலை."

ஷரோபத் நோட்டில் பத்தொன்பதை அடித்துப் பதினெட்டு என்று எழுதினாள்.

பதினெட்டும் புதுசாகக் கல்யாணமான வீடுகள். கோடை வந்தால் நவ்ஜமின் என்கிற அந்த ஊரில் யாரும் வீட்டுக்குள் படுப்பதில்லை. வாசலில் மரமேடை போட்டு அதில்தான் படுக்கை. சுற்றிலும் மூன்று பக்கம் நெல் வயல், நாலாவது பக்கம் பஞ்ச் ஆறு. கொசுவுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. போன கோடையில் முப்பத்தோரு பேருக்கு முறைக்காய்ச்சல், மலேரியா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிரில் பல் தந்தியடிக்கும். ஊரின் மருத்துவ நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஷரோபத் ஒருத்திதான் நர்ஸ். முப்பத்தோரு பேருக்கும் அவள்தான் மாத்திரை கொடுத்தாள். முப்பத்தோராவது ஆள் அவளுடைய புருஷன் ஓதினா. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டான். இந்த வசந்தத்தில் காய்ச்சல் இரண்டு முறை திரும்பி வந்தது.

அடுத்த வீட்டு வாசலில் நுக்ரா தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை அடுப்புக்குள் இருந்தது.

"உன் வலை எங்கடி?"

"பெட்டியில" என்றது அடுப்பு. "சோப்பு வச்சு மடிச்சு வச்சிருக்கேன். வாசனையா இருக்கு."

"கொசு உன் பெட்டிக்குள்ளயா வரப்போகுது?"

நுக்ரா தலையை வெளியே எடுத்தாள். முகம் சிவந்திருந்தது. "அக்கா, எனக்கு நாப்பத்தொண்ணு. ஆறு பெத்தாச்சு. மார்ச்சுல மருமக வந்தாச்சு. நான் போய் வாசல்ல வெள்ளைத் திரை கட்டி, அவரை உள்ள கூட்டிட்டுப் போய்ப் படுத்தா ஊரு என்ன சொல்லும்?"

"கொசுவுக்குப் பயந்தவன்னு சொல்லும்."

"மாமியாருக்கு இன்னும் ஆசை விடலன்னு சொல்லும். நாங்க கடையைக் கட்டி வருஷம் ஆச்சுக்கா. இப்பப் போயி போர்டு மாட்டச் சொல்றீங்க."

"அது கொசுவலைடி. மணத்திரை இல்ல."

"மணத்திரைன்னு சொன்னது யாரு?"

"யாரு?"

"நீங்கதான்."



உண்மைதான். மாவட்டத்திலிருந்து வண்டி மாதம் ஒரு முறைதான் வரும். ஜூன் மாதம் வலையும் வந்தது, குடும்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வந்தது. இரண்டு கூட்டம் போட நேரமில்லை. பருத்திக் காட்டில் மத்தியான ஓய்வுக்கு உட்கார்ந்திருந்த பெண்களை ஒரே கூட்டமாகக் கூட்டினாள். படப் புத்தகமும் ஒன்றுதான். முதல் பாதியில் கொசு, பின் பாதியில் புருஷன் பெண்டாட்டி. வலையை எப்படிக் கட்டுவது என்று ஒருத்தி கேட்டாள். கல்யாண வீட்டில் புதுப்பெண்ணுக்கு மூலையில் வெள்ளைத் திரை கட்டுவது எல்லோருக்கும் தெரியும். சுலபமாக இருக்கட்டும் என்று, "மணத்திரை கட்டற மாதிரி நாலு மூலையும் இழுத்துக் கட்டுங்க" என்றாள் ஷரோபத். பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த படத்தில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு காப்பர் டி.

அதோடு முடிந்தது. வலை என்றால் அந்த விஷயம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

மறுநாள் மாவட்ட வண்டி வந்தது. கொசு ஒழிப்புக்காரர் ஹிக்மத் இறங்கினார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. வலையை நனைக்கிற மருந்துப் பொட்டலங்களை எண்ணிக் கொடுத்தார். பிறகு அவளுடைய நோட்டைப் பார்த்தார்.

"பதினெட்டா? எண்பத்து நாலுல பதினெட்டா?"

"மருந்து இப்பத்தானே வந்திருக்கு, ஹிக்மத் அண்ணே."

"மருந்து வரலன்னா கட்டக் கூடாதா? கால்வாய்க்கு அந்தப் பக்கம் கிஷ்தி ஊர்க்காரங்க வலை கேட்டு என் கழுத்துல உக்காந்திருக்காங்க. பத்து நாள் தரேன். நனைச்சுக் கட்டுங்க. நான் வந்து வீடு வீடா எண்ணுவேன். கட்டாத வலை ஒவ்வொண்ணும் வண்டியில ஏறிடும்."

"ஏறிடுமா?"

"ஏறிடும். உங்க வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா? உங்களது எங்க தொங்குது?"

ஷரோபத் பொட்டலங்களை மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.

அவள் வலை உள்ளறையில் மெத்தை அடுக்கின் மேல் இருந்தது. சாயந்திரம் ஓதினா டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து கை கழுவினான். பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"முடியாது" என்றான் ஓதினா.

"கேட்டு முடிக்கறதுக்குள்ளயேவா?"

"டிப்போவுல இருபது பேரு இருக்கான். ஐம்பத்து ரெண்டு வயசுல ஓதினா மணத்திரைக்குள்ள படுக்கறான்னு தெரிஞ்சா டிராக்டருக்கு மாலை போடுவானுங்க. அதோட..." அவன் குரலைத் தாழ்த்தினான். "பையன் ரஷ்யாவுல கட்டடம் கட்டறான். மருமகப் பொண்ணு தனியாப் படுக்குது. அது கண்ணு முன்னாடி நாம ரெண்டு பேரும் திரை கட்டிக்கிறதா? வெக்கமா இல்ல?"

"உங்க ரத்தத்துல இன்னும் காய்ச்சல் இருக்கு. உங்களைக் கடிக்கற கொசு அடுத்தது அந்தப் பொண்ணத்தான் கடிக்கும். அது வெக்கமில்லயா?"



மண்சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. தம்பி ரஜப். பக்கத்து வீடு. சுவர் மார்பளவுதான். அந்தச் சுவர் கட்டினதிலிருந்து அந்தத் தலை அதற்கு மேலேதான் இருக்கிறது.

"அண்ணி, அண்ணனுக்கு வேணாம்னா விடுங்க. அவருக்குத் திரை எதுக்கு? குறட்டைச் சத்தத்துக்கே கொசு ஓடிடும்."

"உன் வலை எங்கடா?"

தலை மறைந்தது.

மருமகள் சவ்ரிக்கு இருபது வயது. மாமனாரிடம் நேராகப் பேச மாட்டாள். ஆனால் எல்லாம் காதில் விழும். ஓதினா உள்ளே போனதும் பாத்திரங்களை எடுக்க வந்தவள் ஷரோபத்தின் பக்கத்தில் குந்தினாள்.

"அத்தை, திரை வெள்ளைங்கறதுதானே பிரச்சினை?"

"வேற என்ன?"

"வெள்ளையா இல்லாம இருந்தா?"

ஷரோபத் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த நாள் வண்டிப் பட்டறைக்குப் பின்னால் நாலு பெரிய கொப்பரைகள் அடுப்பில் ஏறின. புலாவ் சமைக்கிற கொப்பரைகள்தான். எட்டுப் பெண்கள் வந்தார்கள். வந்ததும் சண்டை ஆரம்பித்தது.

"சிவப்பு போடலாம்" என்றாள் ஒருத்தி.

"சிவப்பும் கல்யாணந்தான்" என்றாள் நுக்ரா. "வெள்ளைக்குப் பதிலா சிவப்பு கட்டினா ரெண்டாங் கல்யாணம்னு சொல்வாங்க."

"அப்ப நீலம்."

"யாரு செத்தாங்க உன் வீட்டுல?"

துக்கத்துக்கு நீலம் என்பதை மறந்தவள் காதைத் தொட்டுக்கொண்டாள். பச்சை கொடிக்கு ஆகும் என்றார்கள். மஞ்சள் மஞ்சள்காமாலை என்றார்கள். கடைசியில் யாருக்கும் எதுவும் சொல்லாத நிறம் எது என்று பார்த்தால் பழுப்புதான் மிஞ்சியது. வெங்காயத் தோலை மூட்டையாகக் கொட்டிக் கொதிக்கவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து வலையைத் தூக்கினால் தண்ணீர் பழுப்பு, வலை வெள்ளை.

"இது நூலில்ல, பிளாஸ்டிக்" என்றாள் ஷரோபத். "பிடிக்காது."

சவ்ரி வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சாக்குப் பையோடு வந்தாள். போன இலையுதிர்காலத்தில் காயவைத்த வால்நட் மேல்தோல். தலைமுடிக்குப் போட வைத்திருந்தது. அதை உடைத்தாலே விரல் நகம் ஒரு மாதம் கறுத்திருக்கும்.

"இது கல்லுலயும் பிடிக்கும், அத்தை."

பிடித்தது. கொதிக்கக் கொதிக்கக் கடுந்தேநீர் நிறம் ஏறியது. எட்டுப் பேர் கையும் முழங்கை வரை அதே நிறம். நுக்ரா தன் கையைத் தூக்கிப் பார்த்து, "இனி என் வீட்டுக்காரருக்கு ராத்திரியில எது நான், எது வலைன்னு தெரியாது" என்றாள்.

சாயம் முதலில், மருந்து பிறகு. அதில் மட்டும் ஷரோபத் கண்டிப்பாக இருந்தாள். மருந்தில் நனைத்ததைக் கொதிக்கவைத்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும். வலைகளை நிழலில் காயவிட்டு, ரப்பர் கையுறை போட்டு, ஒவ்வொன்றாக வாளியில் முக்கினாள். மிச்ச மருந்துத் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றப் போன ஒருத்தியைக் கத்தி நிறுத்தினாள். மீன் செத்துவிடும். குழி வெட்டி அதில் ஊற்ற வைத்தாள்.

நாலாம் நாள் நாற்பது வலை தொங்கியது. ஆறாம் நாள் அறுபத்தொன்று. கோடைச் சாயங்காலத்தில் தெருவழியே நடந்தால் இரண்டு பக்கமும் பழுப்புக் கூடாரம், நடுநடுவே வெள்ளை. ஷரோபத்துக்கு நடை லேசாயிற்று.

யாருக்கும் எதுவும் சொல்லாத நிறம் என்று நினைத்தது மட்டும் தப்பு. இந்த ஊர் எதையும் சும்மா விடாது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் சாயம் வேண்டாம் என்றார்கள். குழந்தை வேண்டும் என்று இருந்தவர்களும் வேண்டாம் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் விஷயம் முடிவாகிவிட்டது. வெள்ளை என்றால் கடை திறந்திருக்கிறது. பழுப்பு என்றால் கட்டியாகிவிட்டது.

ஏழாம் நாள் மருத்துவ நிலையத்துக்கு நாலு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"என்ன?" என்றாள் ஷரோபத்.

"பழுப்பு கட்டிட்டோம், அக்கா" என்றாள் ஒருத்தி. இருபத்தெட்டு வயது. நாலு குழந்தை.

"சந்தோஷம்."

"கட்டினா மட்டும் போதாதுல்ல?"

"போதாது. வலை கொசுவைத்தான் தடுக்கும்."

"அதான் வந்தோம். மாமியார் ஒண்ணும் சொல்லல. பழுப்பைப் பாத்துட்டுச் சும்மா இருந்துட்டாங்க. சும்மா இருக்கறப்பவே அந்தக் காப்பர் டியைப் போட்டுட்டா..."

முன்பெல்லாம் இந்தப் பேச்சுக்கு ஒருத்தி தனியாக, தலைவலி மாத்திரை கேட்கிற மாதிரி வருவாள். ஷரோபத் படப் புத்தகத்தின் பின் பாதியை எடுத்தாள். ரத்தப்போக்கு முதல் இரண்டு மூன்று மாதம் அதிகமாக இருக்கலாம் என்றாள். பிடிக்காவிட்டால் மாத்திரை இருக்கிறது, ஆணுறை இருக்கிறது என்றாள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்றாள்.

"எடுத்துட்டா மறுபடி வெள்ளை கட்டணுமா?"

"உன் இஷ்டம்டி."

காப்பர் டி போடுவது மாவட்ட ஆஸ்பத்திரியில்தான்; இன்னும் சிலரும் வந்து சேர, வண்டி நாளுக்குப் பதினோரு பெயர் எழுதினாள்.

ஒன்பதாம் நாள் எண்பத்து மூன்று வலை தொங்கியது. மீதி ஒன்று மெத்தை அடுக்கின் மேல் இருந்தது.

சவ்ரியின் வலை வெள்ளை. புருஷன் நவம்பரில் வருகிறான், வரும்வரை நான் புதுப்பெண்தான் என்று ஷரோபத்திடம் சொல்லிவிட்டுத் தானே கட்டிக்கொண்டாள். தானும் ஓதினாவும் படுக்க வேண்டிய வலையை ஷரோபத் நம்பிக்கையில் மருந்தில் முக்கியிருந்தாள். சாயம் போடவில்லை. கேட்டுவிட்டுப் போடலாம் என்று வைத்திருந்தாள்.

"பழுப்பா?" என்றான் ஓதினா. "அது வேணவே வேணாம்."

"வெள்ளைதானே வேணாம்னீங்க?"

"வெள்ளையும் வேணாம். பழுப்பும் வேணாம். பழுப்பு கட்டினவனை டிப்போவுல என்ன சொல்றானுங்க தெரியுமா? ஓய்வூதியக்காரன்னு சொல்றானுங்க. நேத்து நுக்ரா புருஷன் பெஞ்சுல உக்காந்தான். எழுந்து இடம் விடறானுங்க. 'பெரியவரே, உக்காருங்க'ன்னு."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"ஒண்ணும் செய்ய வேணாம். காய்ச்சல் போயிடுச்சு."

"போகல. தூங்குது."

"தூங்கட்டும்."

சுவருக்கு மேலே தலை வந்தது. "அண்ணே, பாதி வெள்ளை பாதி பழுப்பு போட்டுக்கயேன். கடை வெள்ளிக்கிழமை மட்டும்னு தெரியும்."

ஓதினா ஆப்ரிகாட் கொட்டை ஒன்றை எடுத்து வீசினான். தலை மறைந்தது. கொட்டை சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் ஹிக்மத் வந்தார். முதல் தெருவில் நின்று பழுப்பு வலைகளைப் பார்த்தார். ஒரு பேனாவை எடுத்தார், திரும்பப் பையில் வைத்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? அழுக்கா?"

"சாயம்."

"சாயமா? மருந்து?"

"சாயத்துக்கு அப்புறந்தான் மருந்து. நானே நனைச்சேன்."

அவர் ஒரு வலையைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், தும்மினார். திருப்தியாகிவிட்டது. வீடு வீடாக எண்ணினார். எல்லா வீட்டிலும் தேநீர் கொடுத்தார்கள். எண்பத்திரண்டு வலையை எண்ணி முடித்து, வயிறு நிறையத் தேநீரோடு ஷரோபத்தின் வாசலுக்கு வந்தார். தெரு முழுவதும் கூடவே வந்தது. ரஜப் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான்.

வாசலில் இரண்டு மரமேடை. ஒன்றின் மேல் சவ்ரியின் வெள்ளை வலை. இன்னொன்று வெட்டவெளி.

"இது?" என்றார் ஹிக்மத்.

"அது எங்களுது" என்றாள் ஷரோபத். உள்ளே போய் மடித்த வலையை எடுத்து வந்தாள். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள். முகம் சுட்டது.

"கட்டாத வலை எங்கன்னு கேட்டா நர்ஸ் வீட்டுல!" என்றார் அவர். சங்கடமாகத்தான் சொன்னார். "சொல்லிட்டேன், நர்ஸம்மா. சொன்னதை மாத்தினா நாளைக்கு யாரும் மதிக்க மாட்டாங்க. ஒண்ணுதான். கொடுங்க."

ஷரோபத் கொடுத்தாள். அவர் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் ஓதினா சாப்பாட்டுக்கு வந்தான். கூட்டத்தைப் பார்த்து டிராக்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வேகமாக நடந்து வந்தான். யாருக்கோ என்னவோ என்று நினைத்திருப்பான். மனைவியைப் பார்த்தான். சவ்ரியைப் பார்த்தான். இரண்டு பேரும் நிற்கிறார்கள் என்றதும் மூச்சு விட்டான்.

"என்ன இங்க?"

"வலை போகுது" என்றாள் ஷரோபத். "கிஷ்திக்கு."

"கிஷ்திக்கா?"

"அவங்க கட்டறாங்களாம். அங்க யாரும் வெக்கப்படறதில்லயாம்."

சவ்ரி தலைத்துணியை வாய்வரை இழுத்துக்கொண்டு மாமியாரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது.

"அத்தை, வெள்ளை ஒரு வீட்டுல ரெண்டு கூடாதுன்னா என்னோடத அவருக்குக் கட்டிடலாம். நான் உள்ளயே படுத்துக்கறேன். உள்ள கொசு கொஞ்சம் கம்மி."

ஓதினாவின் காது சிவந்தது. அவன் ஹிக்மத்திடம் போனான். கையை நீட்டினான்.

"குடுங்க."

"கட்டாதது எல்லாம்..."

"குடுங்க, டாக்டர். இப்ப கட்டாததுதான். கொஞ்ச நேரம் பாருங்க."

ஹிக்மத் டாக்டர் இல்லை. அந்தச் சொல்லுக்காகவோ என்னவோ கொடுத்துவிட்டார்.

ஓதினா ஷூவைக் கழற்றினான். மேடை மேல் ஏறினான். வலையை உதறினான். அது பளீரென்று வெள்ளையாக விரிந்தது. ஒரு மூலையை ஆப்ரிகாட் மரக்கிளையில் கட்டினான். இன்னொன்றைத் திராட்சைப் பந்தல் கம்பத்தில். மூன்றாவது எட்டவில்லை.

"சவ்ரி" என்றான். "அந்த முக்காலிய எடும்மா."

கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சவ்ரி ஓடினாள்.

"அண்ணே!" சுவரிலிருந்து சத்தம் வந்தது. "மாப்பிள்ளே! மேளக்காரனுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"அனுப்பு" என்றான் ஓதினா முக்காலி மேலிருந்து. "புலாவுக்கு அரிசியும் ஆடும் உன் செலவு. தம்பிதானே நீ? கல்யாணம் அண்ணனுக்கு."

தெரு சிரித்தது. நுக்ரா குலவை போட்டாள். கல்யாண வீட்டில் போடுகிற அதே குலவை. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாலாவது மூலையை ஓதினா இரண்டு முடிச்சாகப் போட்டான்.

ஹிக்மத் நோட்டில் எண்பத்து நாலு என்று எழுதி அடியில் கோடு போட்டார். காப்பர் டிக்குப் பேர் கொடுத்த பதினோரு பேரும் வண்டியில் ஏறினார்கள். இடம் பற்றாமல் ஹிக்மத் மாத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்ததும் நெல் வயலிலிருந்து கொசு கிளம்பியது. ஓதினாவும் ஷரோபத்தும் வலைக்குள் உட்கார்ந்து முலாம்பழம் தின்றார்கள். வலையின் வெளிப்பக்கம் கொசுக்கள் வந்து உட்கார்ந்து அப்படியே விழுந்தன. ஓதினா அதை ஆர்வமாகப் பார்த்தான்.

"இதைப் பாத்து ஊரு என்ன நினைக்கும்?" என்றான்.

"கடை திறந்திருக்குன்னு நினைக்கும்."

"திறந்திருக்கா?"

"கொள்முதல்தான் இல்ல" என்றாள் ஷரோபத். "அஞ்சு வருஷம் முன்னாடி நானே போய்க் காப்பர் டி போட்டுக்கிட்டேன். அதுக்காக வண்டியில ஏறின முதல் பொண்ணு நான்தான். கடை தெனமும் திறக்கலாம்."

ஓதினா சிரித்தான். பழம் புரையேறியது. சுவருக்கு அந்தப் பக்கம் ரஜப்பும் இருமினான்.

மறுநாள் காலையில் மருத்துவ நிலையத்தைத் திறந்தபோது வாசலில் இரண்டு ஆண்கள் காத்திருந்தார்கள். ஒருவன் நுக்ராவின் புருஷன். இன்னொருவன் ரஜப். இருவர் கையிலும் மடித்த பழுப்பு வலை.

"அண்ணி" என்றான் ரஜப் தரையைப் பார்த்துக்கொண்டு. "இது வெளுக்குமா?"

"வால்நட் கறைடா. வெளுக்காது."

"சோடா போட்டா?"

"மருந்து போயிடும். கறை போகாது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புது வலை எப்ப வரும்?"

"அடுத்த வருஷம்" என்றாள் ஷரோபத். "அதுவரைக்கும் உள்ள படுங்க. உள்ள படுத்தா யாருக்கும் நிறம் தெரியாது."